நண்பர்களோடு அகழி பார்க்கப் போவதென்றால்: மோவா, சொம்மா, ஈப்பரா?

அண்ணன் என்று நாங்கள் கூப்பிடும் நண்பரையும் சேர்த்து நாங்கள் நாலு பேர். பாரிஸில் அண்ணன் வீட்டில் தங்கியிருந்தோம். கையில் ஒரு வாரம். பார்க்க வேண்டியதெல்லாம் பார்த்துக் கால் வலித்த மூன்றாம் நாள் இரவு, சாப்பாட்டு மேசையில் எங்கள் வரலாற்றுக்காரன் பேச்சை எடுத்தான். "இவ்வளவு தூரம் வந்துட்டு முதல் உலகப் போர் அகழி ஒண்ணுகூடப் பாக்காம போறதா?" அவன் அப்படித்தான். டாங்கியின் படத்தைக் காட்டினால் அது பிறந்த வருஷத்தைச் சொல்வான். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனுக்கு அந்தப் போர் என்றாலே 1914இல் சென்னையில் குண்டு போட்ட எம்டன் கப்பல்தான். அதற்கு மேல் தெரியாது, தெரிந்துகொள்ள அவசரமும் இல்லை. ஆனால் பெல்ஜியம் என்ற சொல் காதில் விழுந்ததும் "சாக்லேட் வாங்கலாம்ல?" என்று நிமிர்ந்தான். நான் இரண்டுக்கும் நடுவில்.

அண்ணன் யாழ்ப்பாணத்துக்காரர். பிரான்ஸுக்கு வந்து இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார்: "தம்பி, நான் பங்கருக்குள்ள இருந்து ஓ.எல். சோதினைக்குப் படிச்சனான். இனிக் காசு குடுத்து வேற பாக்கோணுமோ?"

சிரித்தோம். அப்புறம்தான் உறைத்தது, அது வெறும் பகிடி இல்லை என்று. எந்த மியூசியத்துக்குப் போவது என்பதை இணையத்தில் வரும் நட்சத்திரங்களை எண்ணி முடிவு செய்துவிடலாம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். கூட வருவது யார் என்பதை யோசிக்கவே இல்லை.

ஒரு சொல் விவகாரத்தை முதலில் முடித்துக்கொள்கிறேன். அகழி என்றால் நமக்குக் கோட்டையைச் சுற்றித் தண்ணீரும் முதலையும்தான் நினைவுக்கு வரும். பதுங்குகுழி என்றால் மேலே மூடிய பள்ளம். முதல் உலகப் போரில் மேற்கு முனையில் வெட்டியது இரண்டும்தான்: பெல்ஜியக் கடற்கரையிலிருந்து சுவிட்சர்லாந்து எல்லைவரை வானம் பார்த்த நீண்ட பள்ளம், அதன் ஓரங்களில் மண்ணுக்குள் குடைந்த பங்கர். இந்தக் கட்டுரையில் திறந்த பள்ளத்தை அகழி என்றும், மூடியதைப் பங்கர் என்றும் எழுதுகிறேன். அண்ணனும் அப்படித்தான் பிரித்துச் சொன்னார், அவருக்குப் பழக்கமான விஷயம்.

சரி, பட்டியலில் இருந்தவை.

லண்டன் முதலில் அடிபட்டது. அங்கே இம்பீரியல் வார் மியூசியத்தில் 2014இல் புதுப்பித்த முதல் உலகப் போர் கூடம் இருக்கிறது. உள்ளே நடந்து போகிற மாதிரி ஓர் அகழி, தலைக்கு மேல் ஒரு சொப்வித் விமானம், முட்டிக்கொண்டு நிற்கும் ஒரு டாங்கி. அனுமதி இலவசம். ஆனால் நம் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா கடலுக்கு இந்தப் பக்கம்தான் செல்லும். இலவச மியூசியத்துக்காக இன்னொரு விசா எடுப்பார் யாரும் இல்லை. வெர்தன் அடுத்து. 1916இல் பிப்ரவரி தொடங்கி டிசம்பர் வரை ஏறக்குறைய 300 நாள் பிரெஞ்சுக்காரர்களும் ஜெர்மானியர்களும் மோதிய இடம். காடு, கோட்டைகள், அழிந்துபோன கிராமங்கள், அடையாளம் தெரியாத சுமார் 1,30,000 பேரின் எலும்புகளைச் சேர்த்து வைத்திருக்கும் மண்டபம். அதற்கு ஒரு நாள் போதாது. விடுமுறையில் சேர்ந்திருக்கும் நண்பர்களை அங்கே கூட்டிப் போக எனக்கு மனமும் வரவில்லை.

மிச்சம் மூன்று: பாரிஸுக்குப் பக்கத்தில் மோ, வடக்கே சொம் ஆற்றுப் பகுதியில் அல்பேர், பெரோன் என்று இரண்டு ஊர்கள், அதற்கும் வடக்கே பெல்ஜியத்தில் ஈப்பர். வெவ்வேறு பயணங்களில் மூன்றையும் பார்த்துவிட்டேன் என்பதால் ஒப்பிட்டுச் சொல்ல முடிகிறது.

மோவைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. வசதிக்கு அதுதான் முதலிடம். பாரிஸின் கிழக்கு ரயில் நிலையத்தில் புறநகர் வண்டி ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் ஊர், அங்கிருந்து பஸ். மியூசியம் 2011 நவம்பர் 11 அன்று திறந்தது. போர் முடிந்த தேதியையே திறப்பு நாளாக வைத்தார்கள். ஒரு தனி மனிதர் பல வருஷம் சேர்த்த பொருட்களை ஊராட்சிகள் வாங்கி உருவாக்கிய இடம் இது. 1914 செப்டம்பரில் பாரிஸை நோக்கி வந்த ஜெர்மன் படையைத் தடுத்து நிறுத்திய மார்ன் போர் இந்தப் பக்கத்தில்தான் நடந்தது. அதனால் போரை 1914, 1918 என்று இரண்டு முனையிலிருந்து காட்டுகிறார்கள். 1914இல் பிரெஞ்சுச் சிப்பாய் சிவப்புக் கால்சட்டை போட்டுக்கொண்டு போருக்குப் போனான்; நாலு வருஷத்தில் அவன் இரும்புத் தொப்பியும் தொடுவானத்தோடு கலந்து தெரியும் நீலச் சீருடையுமாக, டாங்கிக்குப் பின்னால் ஓடுகிறான். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கும்போது, நடுவில் என்னவோ பெரிதாக நடந்திருக்கிறது என்று சாக்லேட்காரனுக்கே புரிந்தது. உள்ளே ஒரு பிரெஞ்சு அகழியும் ஒரு ஜெர்மன் அகழியும், நடுவில் யாருக்கும் சொந்தமில்லாத வெளியும் அமைத்திருக்கிறார்கள். அகழி பார்த்த கணக்கில் சேரும். ஆனாலும் அது ஒரு கட்டடத்துக்குள் இருக்கும் அகழி. வெளியே வந்தால் கார் நிறுத்துமிடம். செவ்வாய்க்கிழமை விடுமுறை, அதைப் பார்க்காமல் கிளம்பி விடாதீர்கள். பாரிஸைவிட்டு ராத்தங்க முடியாது, பாதி நாள்தான் கையில், குழந்தைகளும் கூட வருகிறார்கள் என்றால் கேள்வியே வேண்டாம், மோதான்.

சொம் வேறு கதை. அங்கே நானும் வரலாற்றுக்காரனும் இதற்கு இரண்டு வருஷம் முன்பே போய் உதை வாங்கியிருக்கிறோம்.

1916 ஜூலை 1. காலை ஏழரை மணிக்கு விசில் ஊதி அகழியிலிருந்து ஏறிய பிரிட்டிஷ் படையில் அன்று ஒரே நாளில் 57,470 பேர் அடிபட்டார்கள். அதில் 19,240 பேர் இறந்தவர்கள். அதற்கு முந்தைய ஒரு வாரம் சுமார் 15 லட்சம் குண்டுகளை ஜெர்மன் அகழிகள் மேல் பொழிந்து, எதிரே உயிர் எதுவும் மிஞ்சியிருக்காது என்று நம்பிக் கிளம்பினார்கள். அந்த மண் சுண்ணாம்புப் பாறை. ஜெர்மானியர்கள் அதில் பத்து மீட்டர் ஆழம்வரை குடைந்து உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். குண்டு ஓய்ந்ததும் ஏறி வந்து இயந்திரத் துப்பாக்கியைப் பொருத்தினார்கள். வரலாற்றுக்காரன் ரயிலில் அல்பேர் வரும்வரை இதை எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தான்.

அல்பேர் மியூசியம் நிலத்துக்கு அடியில், தேவாலயத்துக்குப் பக்கத்தில் இறங்கிப் போகிற சுரங்கத்தில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் விமானத் தாக்குதலுக்கு ஊர் மக்கள் ஒளிந்த சுரங்கம் அது. பத்து மீட்டர் ஆழம். இரு பக்கமும் மாடங்களில் சிப்பாய் பொம்மைகள், மருத்துவர் மேசை, அடுப்பு, எலி. பொம்மைகள் கொஞ்சம் பொருட்காட்சித் தரம்தான். ஆனால் ஈரச் சுவரும் குளிரும் நிஜம். கடைசியில் ஒலியும் ஒளியுமாகக் குண்டு விழுகிற மாதிரி ஒரு பகுதி வருகிறது. எனக்கும் அவனுக்கும் அது பரவாயில்லை, கொஞ்சம் விளையாட்டு மாதிரிகூட இருந்தது. பாரிஸ் சாப்பாட்டு மேசையில் அல்பேர் பெயர் வந்தபோது எனக்கு அந்தக் கடைசிப் பகுதிதான் நினைவில் வந்தது. அண்ணனை அதற்குள் நடத்திக் கூட்டிப் போவதா? அந்தச் சத்தத்தை அவர் நிஜமாகவே கேட்டவர். பட்டியலில் இருந்து அல்பேரை நானே அடித்தேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

உதை வாங்கியது மியூசியத்தில் இல்லை, அதற்கு வெளியே. சொம்மில் உண்மையான அகழி அல்பேரில் இல்லை. ஒன்பது கிலோமீட்டர் தள்ளி போமோன் ஹமெலில் இருக்கிறது. இன்று கனடாவில் இருக்கும் நியூஃபவுண்ட்லாந்தின் படைப்பிரிவு சிதைந்துபோன வயல். ஜூலை 1 காலையில் சுமார் 800 பேர் ஏறினார்கள். மறுநாள் பெயர் கூப்பிட்டபோது வந்து நின்றவர்கள் 68 பேர். அந்த நிலத்தை வாங்கி, அகழிகளை மூடாமல் அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள். கார் இல்லாமல் போய்விடலாம் என்று நாங்கள் நினைத்தது தப்பு. பஸ் இல்லை, டாக்சிக்குப் போன் அடித்தால் எடுப்பாரில்லை. மழையில் நடந்தோம். பீட்ரூட் வயல், கல்லறைத் தோட்டம், மறுபடி பீட்ரூட் வயல். வழியில் தியெப்வால் நினைவுச் சின்னத்தில் உடல் கிடைக்காத 72,000க்கும் மேற்பட்டவர்களின் பெயர்களுக்குக் கீழே ஒதுங்கி நின்று பிஸ்கட் சாப்பிட்டோம். அன்று ஒரு கண்டிப்பான முடிவுக்கு வந்தேன்: காரும், ஓட்டத் தெரிந்த ஒரு ஆளும் இல்லாதவர்கள் சொம் பக்கம் தலை வைக்கக் கூடாது.

போய்ச் சேர்ந்தபோது தெரிந்த இன்னொன்று. நிஜ அகழி பார்க்க அகழி மாதிரியே இல்லை. நூறு வருஷப் புல் மேலே மூடி, விளிம்பெல்லாம் மழுங்கி, நம் ஊரில் தூர் வாராத வாய்க்கால் மாதிரி வளைந்து வளைந்து கிடக்கிறது. ஆடு மேய்கிறது. வரலாற்றுக்காரன் கண் கலங்கி நின்றான். அவன் தலைக்குள் வரைபடம் இருக்கிறது. எனக்குப் பக்கத்தில் நின்று யாராவது சொன்னால்தான் தெரிந்தது. அங்கே கனடா நாட்டு மாணவர்கள் வழிகாட்டிகளாக இருக்கிறார்கள், நன்றாகவே சொல்கிறார்கள். சாக்லேட்காரன் வந்திருந்தால் பத்தாவது நிமிடத்தில் போனை எடுத்திருப்பான். அவனைக் குறை சொல்லவும் முடியாது.

பெரோன் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எல்லாவற்றிலும் எனக்கு மிகப் பிடித்தது அதுதான். ஆனால் நண்பர்களோடு போகச் சொல்ல மாட்டேன். பாரிஸிலிருந்து வடக்கே போகும் நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர் என்பதால் ஈப்பருக்குக் காரில் போகும் வழியிலேயே நிறுத்திப் பார்த்தோம். பழைய கோட்டைக்குப் பின்னால் ஒட்டிக் கட்டிய வெள்ளைக் கட்டடம், 1992இல் திறந்தது. அங்கே சீருடைகளைப் பொம்மைக்கு மாட்டி நிற்க வைப்பதில்லை. தரையில் ஆழமில்லாத குழிகள் வெட்டி, அதில் சீருடையை விரித்துப் படுக்க வைத்து, சுற்றிலும் அந்த ஆள் சுமந்த பொருட்களை அடுக்கியிருக்கிறார்கள்: தண்ணீர்க் குடுவை, சவரக் கத்தி, சீட்டுக்கட்டு. குனிந்து பார்க்க வேண்டும். அகழி என்று ஒன்றைக்கூட அவர்கள் கட்டிக் காட்டவில்லை. அந்தக் குழிகளே போதும் என்று விட்டுவிட்டார்கள். ஜெர்மனி, பிரான்ஸ், பிரிட்டன் மூன்றையும் ஒரே அலமாரியில் அடுத்தடுத்து வைத்திருப்பதால் யார் பக்கமும் சேர முடிவதில்லை. ஓட்டோ டிக்ஸ் என்ற ஓவியர் தானே அகழியில் இருந்துவிட்டு வந்து 1924இல் போட்ட 50 செதுக்கோவியங்களும் இங்கே இருக்கின்றன. நான் ஒன்றரை மணி நேரம் நின்றேன். வெளியே வந்தால் சாக்லேட்காரனும் அண்ணனும் ஆற்றங்கரையில் உட்கார்ந்து இரண்டாவது காப்பியை முடித்திருந்தார்கள். "வடிவாத்தான் வச்சிருக்கினம், ஆனா செத்தவீட்டில நிண்ட மாதிரிக் கிடக்கு" என்றார் அண்ணன். தனியாகப் போக வேண்டிய இடம். பேச்சுத் துணையோடு போனால் துணையும் வீண், இடமும் வீண்.

ஈப்பருக்கு வருவோம். பாரிஸிலிருந்து காரில் மூன்று மணி நேரம், சாப்பாட்டுக்கு நிறுத்தினால் நாலு. ரயிலிலும் போகலாம், பிரஸ்ஸல்ஸிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள். நாலு வருஷமும் சண்டை நடந்து, சல்லி சல்லியாக நொறுங்கி, பிறகு பழைய படங்களைப் பார்த்துப் பார்த்து அப்படியே திரும்பக் கட்டிய ஊர். நடுவில் நிற்கும் துணி வணிகர் மண்டபம் பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கட்டடம் மாதிரிதான் தெரியும். அதைத் திரும்பக் கட்டி முடித்ததோ 1967இல். இந்த மண்டபத்துக்குள்தான் இன் ஃபிளாண்டர்ஸ் ஃபீல்ட்ஸ் மியூசியம் இருக்கிறது.

பெயர் பெற்ற மியூசியம், பெயருக்குத் தகுதியானதும்கூட. நுழையும்போது கையில் பாப்பிப் பூப் போட்ட பட்டை ஒன்று கட்டுகிறார்கள், அதற்குள் சிப். அதைத் தொட்டால் நமக்கென்று ஆட்களின் கதைகள் திறக்கின்றன. நடிகர்கள் சீருடையிலும் தாதி உடையிலும் திரையில் வந்து, அந்தக் காலத்து ஆட்கள் சொன்னதைச் சொல்கிறார்கள். 1915 ஏப்ரல் 22 அன்று இந்த ஊருக்கு வடக்கே ஜெர்மானியர்கள் குளோரின் வாயுவைத் திறந்துவிட்ட கதை இங்கேதான் உடம்பில் ஏறுகிறது. அதற்கு நாலு நாள் கழித்து, வாயு முகமூடி என்று உருப்படியாக எதுவும் இல்லாமல், எதிர்த் தாக்குதலில் இறக்கிவிடப்பட்டவர்களில் பிரிட்டிஷ் இந்தியப் படையின் லாகூர் டிவிஷனும் இருந்தது. அதற்கும் முன்பே, 1914 அக்டோபர் 31 அன்று, பக்கத்து ஹோலபேக் கிராமத்தில் இயந்திரத் துப்பாக்கியை விடாமல் பிடித்து நின்ற குதாதாத் கானுக்கு, பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் கிடைத்தது. இந்தியத் துணைக்கண்டத்துச் சிப்பாய் ஒருவர் அந்த விருதை வாங்கியது அதுதான் முதல் தடவை.

ஆனால் நண்பர்களோடு போனவன் என்ற கணக்கில் எனக்கு ஒரு குறை உண்டு. இந்த மியூசியம் நம்மைப் பிரித்துவிடுகிறது. ஒவ்வொருவர் கையிலும் ஒரு பட்டை, ஒவ்வொருவர் முன்னும் ஒரு திரை, இருட்டு. கால் மணி நேரத்தில் யார் எங்கே என்று தெரியாது. வரலாற்றுக்காரன் முதல் அறையைத் தாண்டவில்லை. சாக்லேட்காரன் கடைசி அறையைத் தாண்டிப் பரிசுப் பொருள் கடையில் நின்றான். நாங்கள் மறுபடி சேர்ந்தது மணிக்கூண்டில்தான். 231 படி. தனிக் கட்டணம், கட்டாயம் ஏறுங்கள். மேலே போனால் ஃபிளாண்டர்ஸ் எவ்வளவு தட்டை என்று தெரிகிறது. லட்சக்கணக்கான பேர் எந்த மேட்டுக்காகச் செத்தார்களோ அந்த மேட்டைத் தேடினால் கண்ணுக்கே தட்டுப்படவில்லை. "எங்கடா மலை?" என்றான் சாக்லேட்காரன். வரலாற்றுக்காரன் கையை நீட்டி, மரங்கள் லேசாக உயர்ந்திருக்கும் ஒரு கோட்டைக் காட்டினான். அன்றைக்கு அவர்கள் இருவரும் முதன்முதலாகப் பேசிக்கொண்டது அதைப் பற்றித்தான்.

மறுநாள் போனது ஸோனபேக. ஈப்பரிலிருந்து சுமார் ஒன்பது கிலோமீட்டர் கிழக்கே. அங்கே பூங்காவுக்கு நடுவில் பழைய மாளிகை ஒன்றில் பாசண்டேல் மியூசியம். 1917 ஜூலை 31 முதல் நவம்பர் 10 வரை, எட்டு கிலோமீட்டர் தூரத்தைப் பிடிக்க நூறு நாள் நடந்த போர், அது ஒன்றுதான் இந்த மியூசியத்தின் விஷயம். உலகப் போர் முழுவதையும் தலையில் ஏற்றுவதில்லை. அதுவே பாதி நிம்மதி.

இங்கே மண்தான் கதாநாயகன், வில்லன் இரண்டும். சொம்மின் சுண்ணாம்பு மாதிரி இல்லை, களிமண். கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர். மழைத் தண்ணீரை வடித்துவிடப் பல தலைமுறையாக விவசாயிகள் வெட்டி வைத்திருந்த வாய்க்கால்களை எல்லாம் பீரங்கிக் குண்டு கிழித்துப் போட்டது. அந்த ஆகஸ்டில் மழையும் சேர்ந்துகொண்டது. தண்ணீர் போக வழியில்லை. மனிதர்களும் குதிரைகளும் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். தரைமேல் நிற்க முடியாமல் போனபோது தரைக்குள் போனார்கள். பலகையும் இரும்புச் சட்டமும் கொண்டு களிமண்ணுக்கு அடியில் பங்கர் கட்டி, தண்ணீரை இரவு பகலாகப் பம்பு அடித்து வெளியேற்றிக்கொண்டே உள்ளே இருந்தார்கள். மியூசியத்தில் நாம் முதலில் சில காட்சி அறைகளைப் பார்த்து (வாயுக் குண்டுகளின் நாற்றத்தை முகர்ந்து பார்க்கிற ஓர் இடமும் உண்டு; சாக்லேட்காரன் எல்லாவற்றையும் இரண்டு தடவை முகர்ந்தான்), பிறகு அந்த மாதிரி ஒரு பங்கருக்குள் இறங்குகிறோம். குனிந்து நடக்க வேண்டும். அடுக்குப் படுக்கை, தொலைபேசி அறை, காயத்துக்குக் கட்டுப் போடும் இடம். அந்தப் பக்கம் ஏறினால் தோட்டத்தில் வரிசையாக அகழிகள்: ஜெர்மன் பாணி, பிரிட்டிஷ் பாணி, கீழே பலகை, பக்கத்தில் பின்னிய குச்சி அல்லது தகரம், மேலே மண்மூட்டை.

எல்லாம் நகல்தான். மரம் புதுசு, சேறு இல்லை, எலி இல்லை. வரலாற்றுக்காரன் முதலில் முகத்தைச் சுளித்தான். ஆனால் போமோன் ஹமெலில் நிஜத்தின் விளிம்பில் நின்று பார்த்தபோது கிடைக்காதது இந்த நகலுக்குள் இறங்கியதும் கிடைத்தது: அளவு. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் உடம்பைத் திருப்பி ஒட்டிக்கொள்ள வேண்டும். நிமிர்ந்தால் வானம் மட்டும். எதிரி எங்கே, ஊர் எங்கே, எதுவும் தெரியாது. பத்தடிக்கு ஒரு வளைவு. முன்னால் போனவனின் குரல் கேட்கும், ஆள் தெரியாது.

"ஏன்டா இப்படி வளைச்சு வளைச்சு வெட்டியிருக்காங்க?" என்று சாக்லேட்காரன் கேட்டான். வரலாற்றுக்காரன் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் சொன்னார்: "நேரா வெட்டினா, ஒரு ஷெல் உள்ளுக்கு விழுந்தா இந்த முனையில இருந்து அந்த முனை மட்டும் பீஸ் பறக்கும். வளைச்சா அந்த ஒரு துண்டோட போயிடும். எங்கட வீட்டு பங்கரும் எல் வடிவில தான் வெட்டினது. மேல பனங்குத்தி அடுக்கி, அதுக்கு மேல மண்மூட்டை." பிறகு தகரச் சுவரைக் கையால் தட்டிப் பார்த்துவிட்டு, "இதை விட எங்கட அப்பா கட்டினது திறம்" என்றார். அதற்கப்புறம் வழிகாட்டி அவர்தான். வாசலை எந்தப் பக்கம் வைப்பது, மழை வந்தால் தண்ணீரை எப்படி இறைப்பது, பாம்பு இருக்கிறதா என்று முதலில் யார் இறங்கிப் பார்ப்பது. ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு முன்னால் நடந்தார். கல்லூரிக் காலத்திலிருந்து போரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும் எங்கள் வரலாற்றுக்காரன் ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் பின்னால் போனான். அண்ணனைத் தெரிந்து பத்து வருஷம். இதில் ஒன்றையும் நாங்கள் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

ஸோனபேகவில் காதைப் பிளக்கும் வெடிச் சத்தம் எதுவும் எங்கள் மேல் விழவில்லை. வெளிச்சம் இருந்தது, வேண்டாம் என்றால் ஏறிப் போய்ப் புல்தரையில் உட்கார இடம் இருந்தது. சேர்ந்தே நடக்கலாம், பேசலாம், சிரிக்கக்கூடச் செய்யலாம். இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. நண்பர்களோடு போக எது என்று கேட்டால் ஈப்பரின் பெரிய மியூசியத்துக்கு முன்னால் இதைத்தான் நான் வைப்பேன். வரலாற்றுக்காரன் ஒத்துக்கொள்ள மாட்டான். அவனுக்கு இன்றைக்கும் போமோன் ஹமெல்தான்.

அங்கிருந்து பழைய ரயில் பாதை மேல் போட்ட நடைபாதையில் டைன் காட் கல்லறைக்குப் போகலாம், மூன்று கிலோமீட்டர் இருக்கும். ஏறக்குறைய 12,000 வெள்ளைக் கற்கள்; 8,300க்கும் மேற்பட்டவற்றில் பெயர் இல்லை. பாதையோரம் வயல்களில் இப்போதும் உழும்போது குண்டு கிடைக்கிறது. விவசாயிகள் எடுத்துச் சாலையோரம் வைத்துவிடுகிறார்கள். ராணுவம் வந்து எடுத்துப் போய் அழிக்கிறது. "எங்கட பக்கமும் இன்னும் கண்ணிவெடி எடுத்து முடியேல்லை" என்று மட்டும் சொன்னார் அண்ணன். சைக்கிள் கிடைத்தால் ஈப்பரிலிருந்தே சைக்கிளில் வாருங்கள். முழுக்கச் சமதளம், எதிர்க்காற்று மட்டும்தான் பகை.

நிஜ அகழியும் வேண்டும் என்று உங்களிலும் ஒரு வரலாற்றுக்காரர் அடம் பிடித்தால், சொம் வரை போக வேண்டாம். ஈப்பருக்கு வடக்கே போசிங்கேயில் தொழிற்பேட்டைக்கு நடுவில், தொழிற்சாலைச் சுவர்களுக்கு இடையில் யார்க்‌ஷயர் அகழி என்று ஒரு துண்டு இருக்கிறது. உள்ளூர் ஆர்வலர்கள் தோண்டி எடுத்தது. டிக்கெட் இல்லை, ஆள் இல்லை, பக்கத்தில் லாரி பின்னால் எடுக்கும் சத்தம். இருபது நிமிடம் போதும். இந்தியப் படை பற்றித் தேடுபவர்கள் காரில் ஒரு மணி நேரம் தெற்கே இறங்கி, பிரான்ஸ் எல்லைக்குள் நெவ்-சப்பல் நினைவுச் சின்னத்துக்குப் போகலாம். வட்டச் சுவர், தாமரைத் தலை வைத்த தூண், இரண்டு புலிகள், 4,700க்கும் மேற்பட்ட பெயர்கள். 1915 மார்ச்சில் அங்கே நடந்த தாக்குதலில் பாதிப் படை இந்தியர்கள். பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாசப்பலில் காய்கறி வாங்கும் அண்ணனுக்கு இன்னொரு சப்பல் இருப்பது அன்றுதான் தெரிந்தது. அது மியூசியம் இல்லை, சாலைச் சந்திப்பில் ஒரு நினைவிடம், அவ்வளவுதான்.

எங்கள் வழியிலேயே நீங்களும் போவதாக இருந்தால் இரண்டு நாள் ஒதுக்குங்கள், ஓர் இரவு ஈப்பரில் தங்குங்கள். முதல் நாள் மாலை மணிக்கூண்டு ஏறி விடுங்கள், பெரிய மியூசியத்தை யாருக்கு வேண்டுமோ அவர்கள் மட்டும் பார்க்கட்டும். மறுநாள் காலை எல்லாரும் ஸோனபேக. குளிர்காலத்தில் யோசித்துப் போங்கள்: டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முடிய ஸோனபேக மூடிக் கிடப்பது வழக்கம், ஈப்பர் மியூசியத்துக்கும் குளிர்காலத் திங்கட்கிழமைகளில் விடுமுறை.

இரவு எட்டு மணிக்கு மெனின் வாயிலில் எக்காளம் ஊதுவார்கள். உடல் கிடைக்காத 54,000க்கும் மேற்பட்டவர்களின் பெயர் செதுக்கிய வளைவு அது. 1928இல் தொடங்கி, 1929இலிருந்து தினமும் நடக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்கள் ஊரைப் பிடித்து வைத்திருந்த வருஷங்களில் மட்டும் இங்கே நின்றிருந்தது. இலவசம், சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஏழரைக்கே போய் நின்றால்தான் முன்வரிசை கிடைக்கும். சாக்லேட் வாங்க வேண்டுமென்றால் அதற்கும் முன்பே வாங்கிவிடுங்கள். எட்டே காலுக்கு நாங்கள் சதுக்கத்துக்குத் திரும்பி வந்தபோது எல்லாக் கடையும் சாத்தியிருந்தது. பாரிஸ் போய்ச் சேரும்வரை அவன் அதையேதான் சொல்லிக்கொண்டு வந்தான்.